பளுவும் பாதையும்
கருவிகள் ஏற்றிச் செல்லும் வண்டியைத் தேர்ந்தெடுக்கும் முறை

பிழைப்பைத் தேடிப் பிறந்த மண்ணை விட்டு வந்தவர்களுக்குக் கருவிகளே நிலபுலம். கொத்தனாருக்குச் சாரக் குழாயும் பலகையும், சமையற்காரருக்கு அண்டாவும் அடுப்பும், பந்தல் போடுபவருக்குக் கம்பமும் துணியும், நீர்க்குழாய் வேலை செய்பவருக்குப் பம்பும் குழாய்ச் சுருளும் முதலீடு ஆகும். இவை உரிய நேரத்தில் உரிய இடத்தை அடைந்தாலன்றிக் கூலி கிடைக்காது. ஆகவே, தொழிலில் சற்றே முன்னேறிய ஒருவர் முதன்முதலாகப் பெருந்தொகை செலவிட்டு வாங்கும் பொருள் பெரும்பாலும் ஒரு வண்டியாகவே இருக்கிறது. நகையை அடகு வைத்தும் கடன் பெற்றும் வாங்கப்படும் அவ்வண்டி குடும்பத்தைத் தூக்கி நிறுத்தவும் கூடும். கடனில் அமிழ்த்தவும் கூடும். அதைத் தேர்ந்தெடுக்கும் முறை யாது என்பதை இங்கு ஆராய்வோம்.

கடையில் நிற்கும் வண்டியைக் கண்டு மனம் பற்றி, பிறகு அதற்கேற்ற வேலையைத் தேடுவது பலருடைய வழக்கம். முறை இதற்கு நேர்மாறானது. எவ்வளவு தூரம், எவ்வளவு பளு, எத்தகைய பாதை, எந்தச் சட்டம் என்னும் நான்கு கேள்விகளுக்கு முதலில் விடை காண வேண்டும். இந்நான்குக்கும் விடை கிடைத்துவிட்டால், வண்டி பெரும்பாலும் தானே தேர்வாகிவிடும்.

தூரம்

டில்லியில் வாழும் தமிழர்களுக்கு மதராசி கேம்ப் என்னும் பெயர் புதிதன்று. ஜங்புராவை அடுத்து, பாராபுல்லா ஓடையின் கரையில், ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக அக்குடியிருப்பு இருந்து வந்தது. அங்கு வாழ்ந்தோருள் பலர் ஜங்புரா, போகல், நிஜாமுதீன், லாஜ்பத் நகர் முதலிய அண்மைப் பகுதிகளிலேயே வேலை பார்த்து வந்தனர். ஓடையின் அடைப்பை நீக்கும் பொருட்டு, டில்லி உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி, 2025-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் நாள் அக்குடியிருப்பு இடிக்கப்பட்டது. அங்கிருந்த ஏறத்தாழ 370 குடிசைகளுள் ஒரு பகுதியினருக்கே மாற்று வீடு பெறும் தகுதி கிடைத்தது. அவ்வீடுகளும் நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் அமைந்திருந்தன.

இம்மாற்றத்தின் பொருளைத் தொழிலாளியின் கண்கொண்டு நோக்க வேண்டும். வேலையிடம் இரண்டு கிலோமீட்டருக்குள் இருந்தால், கருவிகளைக் கொண்டு செல்ல ஒரு தள்ளுவண்டி போதும். டில்லியில் இதனை ‘டேலா’ என்பர். அதற்கு எரிபொருட் செலவு இல்லை. பழுது பார்க்கும் செலவும் சிறிது. ஆனால் நரேலாவிலிருந்து ஜங்புரா ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். வாடிக்கையாளர்கள் பழைய இடத்தில் இருக்க, வீடு மட்டும் நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் போனால், தள்ளுவண்டி பயனற்றுப் போகிறது.

மின்கலத்தால் ஓடும் சிறு சரக்கு ரிக்ஷாவும் இத்தூரத்துக்கு உதவாது. அவ்வகை வண்டிக்கு விதிகள் வகுத்துள்ள உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். ஏற்றத்தக்க சுமை 310 கிலோ. போவதற்கு மட்டுமே இரண்டு மணி நேரம் ஆகிவிடும். குடியிருப்பைச் சுற்றியே தொழில் செய்பவருக்கு மிகவும் சிக்கனமான அதே வண்டி, நகரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் செல்பவருக்குச் சுமையாகிவிடுகிறது.

எரிபொருட் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்குப் போக வர 80 கிலோமீட்டர். மாதத்தில் 25 வேலை நாள்கள் எனில் 2,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் வண்டி மாதந்தோறும் ஏறத்தாழ 133 லிட்டர் குடிக்கும். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் வண்டியோ 200 லிட்டர் குடிக்கும். இந்த 67 லிட்டர் வேறுபாட்டை அன்றைய விலையால் பெருக்கிப் பாருங்கள். வண்டி வாங்கும்போது பேரம் பேசிக் குறைத்த தொகை சில மாதங்களிலேயே இவ்வழியில் கரைந்துவிடக் கூடும். எனவே, ஓராண்டில் ஓடப்போகும் தூரத்தை முதலில் காகிதத்தில் எழுதிக்கொள்வது அறிவுடைமை.

பளு

கரடுமுரடான இடங்களில் வேலை என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது ஜீப். போடிநாயக்கனூரிலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு மலையேறும் ஜீப்புகளைக் கண்டவர்களுக்கு, எங்கும் செல்லும் வண்டி எதையும் சுமக்கும் என்ற எண்ணம் எளிதில் ஏற்படும். இவ்வெண்ணம் சரியன்று என்பதை ஜீப்பின் வரலாறே காட்டுகிறது.

1940-ஆம் ஆண்டில் அமெரிக்கப் படைத்துறை ஒரு சிறு வண்டியை வடிவமைத்துத் தருமாறு தொழிற்சாலைகளைக் கேட்டது. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்ல வேண்டும். எடை குறைவாக இருக்க வேண்டும். 600 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 270 கிலோ, சுமக்க வேண்டும் என்பன அது விதித்த நிபந்தனைகளுள் முக்கியமானவை. இவ்வாறு பிறந்த வண்டிக்குப் படைத்துறை இட்ட வகைப் பெயர் ‘கால் டன் டிரக்’ என்பதாகும். இரண்டாம் உலகப் போரின்போது வில்லிஸ், போர்டு ஆகிய நிறுவனங்கள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. நம் நாடு விடுதலை பெற்றதை ஒட்டிய ஆண்டுகளில் மகிந்திரா நிறுவனம் பம்பாயில் அவற்றை இணைத்து விற்கத் தொடங்கியது. உலகெங்கும் புகழ் பெற்ற அவ்வண்டியின் அதிகாரபூர்வமான சுமை கால் டன் மட்டுமே. ஐந்தாறு மூட்டை சிமெண்டு ஏற்றினாலே அந்த எல்லை வந்துவிடும்.

நம் இராணுவமும் வண்டிகளைச் சுமையைக் கொண்டே வகைப்படுத்துகிறது. பல ஆண்டுகள் அது பயன்படுத்திய மாருதி ஜிப்சி, 500 கிலோ வகையைச் சேர்ந்தது. பின்னர் அதனினும் வலிய வண்டி தேவைப்பட்டபோது, 800 கிலோ வகை என்று குறித்தே டாடா சபாரி ஸ்டார்மை வாங்கியது. உயிரையே பணயம் வைத்துப் பயணம் செய்வோர் முதலில் கேட்பது சுமையின் அளவை. நாமும் அங்கிருந்தே தொடங்குவோம்.

ஒவ்வொரு வண்டியின் பதிவுச் சான்றிலும் இரண்டு எடைகள் குறிக்கப்பட்டிருக்கும். ஒன்று, வெறும் வண்டியின் எடை. மற்றொன்று, சுமையும் ஆளும் சேர்ந்து அவ்வண்டி தாங்கத்தக்க மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடே நாம் ஏற்றத்தக்க பளு. ஓட்டுநரும் உதவியாளரும் இப்பளுவில் அடங்குவர் என்பது பலர் மறந்துவிடும் செய்தி. வண்டியின் மேல் இரும்புச் சட்டமோ கூண்டோ பொருத்தினால், அதன் எடையும் இதில் கழிந்துவிடும்.

இனி நம் கருவிகளை நிறுத்துப் பார்ப்போம். சிமெண்டு மூட்டை 50 கிலோ. உலர்ந்த மணல் கன அடிக்கு ஏறத்தாழ 45 கிலோ. நனைந்தால் மேலும் கூடும். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. இரும்புக் கம்பிக்கு ஓர் எளிய சூத்திரம் உண்டு. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதனை அதனாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால், ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும். 12 மில்லிமீட்டர் கம்பி இவ்வாறு மீட்டருக்கு ஏறத்தாழ 0.89 கிலோ ஆகிறது. வணிகத்துக்கான எரிவாயுச் சிலிண்டரில் வாயு மட்டும் 19 கிலோ. இரும்புக் கலத்தின் எடையும் ஏறத்தாழ அவ்வளவே.

சிறு கட்டட வேலை எடுக்கும் ஒருவர் ஆறு மூட்டை சிமெண்டும், மூன்று மீட்டர் நீளமுள்ள இருபது சாரக் குழாய்களும், பலகையும் பிற கருவிகளும் கொண்டு செல்வதாகக் கொள்வோம். சிமெண்டு 300 கிலோ. குழாய் ஒன்றுக்கு 11 கிலோ வீதம் 220 கிலோ. பலகையும் கருவிகளும் 100 கிலோ. ஆள் இருவர் 130 கிலோ. ஆக மொத்தம் 750 கிலோ.

2005-ஆம் ஆண்டு டாடா ஏஸ் என்னும் சிறு சரக்கு வண்டி வெளிவந்தபோது, அதற்குக் குறிக்கப்பட்ட சுமையும் முக்கால் டன்தான். டில்லியில் ‘சோட்டா ஹாத்தி’ என்றும் தமிழகத்தில் ‘குட்டி யானை’ என்றும் மக்கள் அழைப்பது இதனையே. நம் கணக்குப்படி அவ்வண்டி நிறைந்துவிட்டது. இனி ஒரு குடம் நீர் ஏற்றவும் இடமில்லை. அன்றியும், அதன் சரக்குத் தட்டின் நீளம் இரண்டு மீட்டருக்குச் சற்றே அதிகம். மூன்று மீட்டர்க் குழாய் அதில் அடங்காது. வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு கம்பி ஏற்றிச் செல்வதால் எத்தனையோ உயிர்கள் போயிருக்கின்றன. சட்டமும் அதனை ஒப்புவதில்லை. எனவே, இத்தொழிலாளி ஒன்று இரண்டு மீட்டர்க் குழாய்களுக்கு மாற வேண்டும். அல்லது நீண்ட தட்டும் ஒரு டன்னுக்கு மேற்பட்ட சுமைத் திறனும் உடைய பிக்கப் வண்டியைத் தேட வேண்டும். எடை ஓர் அளவை. நீளம் மற்றோர் அளவை. இரண்டையும் சோதிக்க வேண்டும்.

மயிலிறகே ஆயினும் அளவு மிஞ்சினால் வண்டியின் அச்சு முறியும் என்பதை வள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் உவமையாக எடுத்தாண்டார். ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அச்சின் இயல்பு மாறவில்லை. அளவுக்கு மீறிய பளு முதலில் பின்புற வில்லைத் தளரச் செய்யும். பிறகு டயரைச் சூடேற்றி வெடிக்கச் செய்யும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிரேக்கு பிடித்த பின் வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தூரத்தை நீட்டிவிடும். மேலும், கனமான பொருளைப் பின் அச்சுக்கும் பின்னால் வைத்தால் முன்சக்கரங்கள் தரையை அழுத்துவது குறையும். அப்போது திசை திருப்பும் சக்கரம் கைக்கு அடங்காது. கனமானவற்றைத் தாழ்வாகவும், பின் அச்சுக்குச் சற்று முன்னாகவும் வைத்துக் கட்டுவதே சரியான முறை.

பாதை

நான்கு சக்கர விசை தேவையா என்னும் கேள்விக்கு இப்போது வருவோம். அது என்ன செய்கிறது என்பதை மாட்டு வண்டியைக் கொண்டு விளக்கலாம். சேற்றில் சிக்கிய வண்டிக்கு இரண்டு மாடுகளுடன் மேலும் இரண்டு மாடுகளைப் பூட்டினால் வண்டி வெளியே வந்துவிடும். ஆனால் அதனால் அச்சின் வலிமை கூடிவிடாது. பழைய பளுவைத்தான் அது தாங்கும். அவ்வாறே, நான்கு சக்கர விசை வண்டிக்குத் தரைப்பிடிப்பைத் தருகிறது. சுமைத் திறனைத் தருவதில்லை. அதன் பொறியமைப்பே கூடுதல் எடையாதலால், சுமக்கத்தக்க பளு சற்றுக் குறையவும் கூடும். விலையும் எரிபொருட் செலவும் உயரும்.

சாதாரண வண்டியில் ஒரே அச்சின் இரண்டு சக்கரங்களுக்கும் இடையே விசையைப் பங்கிடும் ஓர் அமைப்பு உண்டு. ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால், விசை முழுவதும் அச்சக்கரத்தின் வழியே வீணாகச் சுழன்று போகும். மேட்டில் நிற்கும் மற்றச் சக்கரம் அசையாது. முன் அச்சுக்கும் விசை செல்லுமாயின் அங்குள்ள பிடிப்பு உதவும். அத்துடன் தாழ்ந்த பல்சக்கரத் தொகுதி ஒன்று இருந்தால், வண்டி நடைவேகத்தில் மிகுந்த இழுவிசையோடு ஏறும். இவை உண்மையிலேயே தேவைப்படும் இடங்கள் மலைச்சரிவு, ஆற்று மணல், வண்டல் நிலம் ஆகியவை.

யமுனையின் வெள்ளச் சமவெளி இத்தகைய வண்டல் நிலம். 2023-ஆம் ஆண்டு ஜூலை 13-ஆம் நாள் டில்லியில் அந்நதி 208.66 மீட்டர் என்னும் வரலாறு காணாத மட்டத்தை எட்டியது. அவ்வெள்ளம் வடிந்த பின் கரையோரத்தில் பம்பு கொண்டு வேலை செய்ய வேண்டியவர்களுக்குச் சாதாரண வண்டி உதவியிராது. ஆனால் டில்லித் தமிழருள் பெரும்பாலோரின் வேலை தார்ச்சாலையின் ஓரத்திலேயே நடக்கிறது. நரேலாவைப் போன்ற புறநகரில் மழைக்காலத்தில் குழிகளும் சேறும் உள்ள கடைசி இருநூறு மீட்டர் மட்டுமே தொல்லை தரும். அதற்குத் தேவைப்படுவது தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் இடையே போதிய உயரமும், ஆழ்ந்த வரிகளுள்ள நல்ல டயரும் ஆகும். பின்சக்கர விசையுள்ள பிக்கப் வண்டி வெறுமையாக இருக்கும்போதுதான் சேற்றில் மிகுதியாக வழுக்கும். பின்புறத்தில் நான்கு மணல் மூட்டைகளை ஏற்றினால் பல வேளைகளில் அது தப்பிவிடும்.

ஆகவே ஒரு விதியை நினைவில் வைக்கலாம். உங்கள் வழியில் உள்ள மிகக் கெட்ட பகுதியை வாரத்தில் எத்தனை முறை கடக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். நாள்தோறும் எனில், நான்கு சக்கர விசைக்குச் செலவிடுவது தகும். மாதத்தில் ஓரிரு முறை எனில், அன்றைக்கு மட்டும் வாடகைக்கு வண்டி அமர்த்துவதே இலாபம்.

கலவை இயந்திரம் போன்றவற்றைப் பின்னால் கட்டி இழுப்பவர்களுக்கு ஒரு சொல். சுமப்பது வேறு, இழுப்பது வேறு. இழுக்கப்படும் இயந்திரத்துக்குத் தனிப் பிரேக்கு இல்லையெனில், இறக்கத்தில் அது முன் வண்டியைத் தள்ளும். அதனை நிறுத்தும் பொறுப்பு முழுவதும் உங்கள் வண்டியின் பிரேக்கைச் சாரும். கொக்கியில் கயிறு கட்டி இழுப்பது ஆபத்தானது. தயாரிப்பாளர் குறித்துள்ள இழுவை எல்லையை விசாரித்தறிந்த பின்னரே இதில் இறங்க வேண்டும்.

சட்டம்

வேற்று மாநிலத்தில் தொழில் செய்பவர் சட்டத்தையும் சாலையின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும். சாலையில் உள்ள குழியைக் காட்டிலும் ஆவணத்தில் உள்ள குறை அவரை எளிதில் வீழ்த்தும்.

வெள்ளைப் பலகையுடைய சொந்த வண்டியில் வாடகைக்குப் பிறர் சரக்கை ஏற்றுவது குற்றம். அதற்கு மஞ்சள் பலகையுடன் சரக்கு வண்டியாகப் பதிவு செய்ய வேண்டும். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு பெர்மிட்டிலிருந்து விலக்களிக்கிறது. சிறு தொழிலாளருக்கு இது பெரிய சலுகை. ஓட்டுநர் உரிமம் குறித்து நெடுநாள் இருந்த ஐயத்தை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள் தீர்த்து வைத்தது. இலகு ரக மோட்டார் வாகன உரிமம் உடையவர் மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்பது அத்தீர்ப்பு. ஆனால் அளவு மீறிப் பளு ஏற்றினால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அபராதம் 20,000 ரூபாய். மிகுதியாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய்.

டில்லிக்கென்றே உள்ள விதிகள் இன்னும் முக்கியமானவை. பத்து ஆண்டுகளைக் கடந்த டீசல் வண்டிகளும், பதினைந்து ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் வண்டிகளும் தலைநகர் வட்டாரத்தில் ஓடக் கூடாதென்று பசுமைத் தீர்ப்பாயம் இட்ட ஆணையை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்தது. 2025-இல் அந்நீதிமன்றம் அதன் நடைமுறையைத் தளர்த்தியும், பின்னர் அத்தளர்வின் வரம்பைக் குறுக்கியும் ஆணைகள் பிறப்பித்தது. இவ்வாறு மாறிவரும் நிலையில், மலிவாகக் கிடைக்கிறதென்று எட்டு ஆண்டுப் பழைய டீசல் வண்டியை வாங்குவது, பழம் அழுகும் நாளில் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுப்பது போன்றது. அன்றியும், வேறு மாநிலத்தில் பதிவான, பி.எஸ். 6 தரத்தை எட்டாத சரக்கு வண்டிகள் 2025 நவம்பர் 1 முதல் டில்லிக்குள் வரக் கூடாதென்றும், அவற்றுள் பி.எஸ். 4 வகைக்கு மட்டும் 2026 அக்டோபர் 31 வரை அவகாசம் உண்டென்றும் காற்றுத் தர மேலாண்மை ஆணையம் விதித்தது. அரியானாவிலோ உத்தரப் பிரதேசத்திலோ விலை குறைவு என்று வாங்க நினைப்பவர்கள் இதனை மனத்திற்கொள்ள வேண்டும்.

காலையிலும் மாலையிலும் நெரிசல் வேளைகளில் பல சாலைகளில் சரக்கு வண்டிகளுக்கு நுழைவுத் தடை உண்டு. மின்சாரத்தால் ஓடும் சிறு சரக்கு வண்டிகளுக்கு இத்தடையிலிருந்து 2021-இல் டில்லி அரசு விலக்களித்தது. காலை ஒன்பது மணிக்கு வேலையிடத்தில் இருக்க வேண்டியவருக்கு இச்சலுகையின் மதிப்பு பெரிது. வாங்குமுன், அன்றைய விதி யாது என்பதைப் போக்குவரத்து அலுவலகத்தில் நேரில் கேட்டறிவது நலம்.

பழைய வண்டியை வாங்குவோர்க்கு

பழைய வண்டியை வெயில் நேரத்தில், வெறுமையாக, சமதரையில் நிறுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் பட்டை வில் தளர்ந்துள்ளது என்று பொருள். டில்லி மெக்கானிக்குகள் இதனைக் ‘கமானி’ என்பர். அச்சொல்லைத் தெரிந்துகொள்வது பேரத்துக்கு உதவும். அடிச்சட்டத்தில் பற்றுவைத்த தழும்பு உள்ளதா என்று குனிந்து பாருங்கள். அது அளவு மீறிப் பளு ஏற்றியதன் அடையாளமாக இருக்கலாம். உங்கள் கருவிகளின் எடைக்குச் சமமான சுமையை ஏற்றி, மேம்பாலம் ஒன்றில் ஏறி இறங்கிச் சோதியுங்கள். பதிவுச் சான்றில் உள்ள எண்களை அடிச்சட்டத்திலும் பொறியிலும் உள்ள எண்களோடு ஒப்பிடுங்கள். வண்டியின் மேல் வங்கிக் கடன் நிலுவையில் இருந்தால், தடையின்மைச் சான்று கைக்கு வரும் வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். தகுதிச் சான்று, காப்புறுதி ஆகியவற்றின் தேதிகளையும் பாருங்கள். மொழி தெரியாத இடத்தில், படிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்வதில் வெட்கம் இல்லை.

இறுதியாக ஒன்று. வாங்குவதற்கு முன் ஒரு மாத காலம் வாடகை வண்டியில் தொழில் நடத்திப் பாருங்கள். நாள்தோறும் சென்ற தூரம், ஏற்றிய பளு, கொடுத்த வாடகை ஆகிய மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். மாத வாடகை, புது வண்டியின் கடன் தவணை, எரிபொருள், காப்புறுதி, பராமரிப்பு ஆகியவற்றின் கூட்டுத் தொகையைவிடக் குறைவாக இருந்தால், வண்டி வாங்கும் காலம் இன்னும் வரவில்லை என்று அறியலாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டுமே வண்டி தேவைப்படும் மூன்று குடும்பங்கள், யார் பெயரில் பதிவு, யார் பொறுப்பில் செலவு என்பவற்றை எழுத்தில் வகுத்துக்கொண்டு, ஒரே வண்டியை வாங்கிப் பகிர்ந்துகொள்ளவும் கூடும். புதிய இடத்தில் வாழ்க்கையை மீண்டும் தொடங்குபவர்களுக்கு, இத்தகைய ஒரு குறிப்பேடும் ஒரு மாதப் பொறுமையும் பெருங்கடனிலிருந்து காக்கும் துணைகளாகும்.